கட்டிலுக்குக் கீழே 180 பிரதிகள்

கரவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு நாவல் எழுதி, சொந்தச் செலவில் 500 பிரதி அடித்தேன். இன்றும் 180 பிரதி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. இப்போது 14 சிறுகதைகளைத் தொகுத்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் 160 பக்கம், 300 பிரதிக்கு 2,10,000 ரூபாய் கேட்கிறார்கள். ரொரன்ரோவில் இருக்கும் மகன், 'அம்மா, காசை வீணாக்காதீங்கோ, அமேசனில போடுவம், நான் என்ர பெயரில கணக்குத் திறக்கிறன்' என்கிறான். அமேசனில் போட்டால் கதைகளின் உரிமை அவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். கதைகளில் ஏழு ஏற்கெனவே ஓர் இணைய இதழில் வந்தவை. நான் என்ன செய்ய?"

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் நண்பரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அமேசனின் கிண்டில் நேரடி வெளியீட்டில், அதாவது எழுதியவரே மின்னூலை ஏற்றி விற்கும் சேவையில், நூலை ஏற்றினால் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். நீங்கள் கொடுப்பது விற்பதற்கான அனுமதி மட்டும்தான். வேண்டாம் என்று தோன்றினால் கடையிலிருந்து எடுத்துவிடலாம். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அந்தப் பிரதி இருக்கும், அவ்வளவுதான். இலங்கைச் சட்டப்படி, அதாவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உங்கள் எழுத்தின் உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 70 வருடமும் உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் உரியது. நூலை ஏற்றும்போது திரையில் ஒரு பெட்டியில் அடையாளம் இடுவதால் அது போய்விடாது. ஆனால் வேறொரு பெட்டி இருக்கிறது. அதில் கவனமாக இருக்கவேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

மகன் ஒன்றைச் சரியாகச் சொல்கிறார், ஒன்றைப் பிழையாகச் சொல்கிறார். அச்சுக் காசு முழுவதையும் ஒரேயடியாகப் போடவேண்டியதில்லை என்பது சரி. கணக்கை அவருடைய பெயரில் திறப்பது பிழை. யாருடைய பெயரில் கணக்கோ அவருடன்தான் ஒப்பந்தம். காசும் அவருக்கே வரும், வரிக் கணக்கும் அவருடையதாகிவிடும். நாளைக்கு அவர் தனக்கென்று ஏதாவது எழுதி வெளியிட நினைத்தாலும் கரைச்சல், ஏனென்றால் ஒருவர் ஒரு கணக்கைத்தான் வைத்திருக்கலாம் என்பது அமேசனின் விதி. உங்கள் பெயரில் திறவுங்கள். மகன் பக்கத்தில் இருந்து, அல்லது வட்ஸ்அப் வீடியோவில் இருந்து, வழிகாட்டட்டும். வங்கிக் கணக்கிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் பதியுங்கள். நூலின் முகப்பில் உங்கள் புனைபெயர் இருப்பதில் தடையில்லை.

இனி அச்சகம் சொன்ன விலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 300 பிரதிக்கு 2,10,000 என்றால் ஒரு பிரதி 700 ரூபாய். நீங்கள் 1,000 ரூபாய் விலை போட்டுக் கடைக்குக் கொடுத்தால், 35 வீதம் கழிவு போக உங்களுக்கு வருவது 650. விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் 50 ரூபாய் நட்டம். 1,200 போட்டால் 80 ரூபாய் மிஞ்சும். அதுவும் கடைக்காரர் கணக்கு முடிக்கும்போதுதான். என்னுடைய ஒரு நூலின் கணக்குக்காக ஒரு கடைக்கு இரண்டரை வருடம் நடந்திருக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் விலை ஏறிய பிறகு, கடையை மட்டும் நம்பி அச்சடித்த எந்தப் புது எழுத்தாளரும் போட்ட காசை எடுத்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் அச்சு நூல் தலை தப்புவது வெளியீட்டு விழாவில். உங்களுக்கு இது தெரியும், உங்கள் நாவலுக்கே நடந்திருக்கும். வாசிகசாலை மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி, தலைமையுரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து, முதற்பிரதி கொடுத்த பிறகு 'சிறப்புப் பிரதி பெறுவோர்' என்று பெயர் வாசிப்பார்கள். ஒவ்வொருவராக எழும்பி வந்து, ஒரு கையால் என்வலப்பைக் கொடுத்து மறு கையால் நூலை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த என்வலப்புகளில்தான் அச்சகக் கடன் தீரும். வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் நூலைத் திறந்தார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் அந்த மாலை ஒரு ரீச்சருக்காக ஊர் கூடியது பெரிய விடயம். அமேசனில் அது கிடையாது. நூல் ஏறிய இரவு, 'உங்கள் நூல் விற்பனைக்கு வந்துவிட்டது' என்று ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த நாள் காலையில் வழமைபோல விடியும்.

அமேசன் தருவது வேறு. கரவெட்டியில் இருந்துகொண்டு ரொரன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் ஒரே நாளில் நூலை விற்பனைக்கு வைக்கலாம். அங்கிருக்கும் உங்கள் பழைய மாணவி ஒருவருக்கு 160 பக்க நூலைத் தபாலில் அனுப்பினால், தபால் செலவு நூல் விலையைத் தாண்டிவிடும். மின்னூலுக்கு அந்தச் செலவு இல்லை, அச்சுச் செலவும் இல்லை.

விற்கும் விலையில் உங்களுக்கு வரும் பங்கு இரண்டு விதம். 2.99 முதல் 9.99 டொலர் வரை விலை வைத்தால் 70 வீதம் தெரிவு செய்யலாம். அதற்குக் கீழேயோ மேலேயோ போனால் 35 வீதம்தான். 70 வீதத்தில், கோப்பின் பருமனைப் பார்த்து அனுப்புச் செலவு என்று கொஞ்சம் கழிப்பார்கள். அமெரிக்கக் கடையில் ஒரு மெகாபைட்டுக்கு 15 சதம். படங்கள் இல்லாத சிறுகதைத் தொகுதி ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. ஆகவே 2.99 டொலருக்கு விற்கும் ஒரு பிரதியில் ஏறக்குறைய 2 டொலர் உங்களுக்கு. டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கும் கணக்கில் அது 600 ரூபாய். ஒரு முதலும் போடாமல்! யாழ்ப்பாணக் கடையில் 80 ரூபாய்க்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஏன் மகன் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கும். விலையை மலிவாக்குகிறேன் என்று 99 சதம் வைத்துவிடாதீர்கள். அதில் கையில் வருவது 35 சதம்.

இந்த 70 வீதம் எல்லா நாட்டு வாசகருக்கும் பொருந்தாது. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், அவுஸ்திரேலியா ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. எங்கள் சனம் போய் இறங்கிய நாடுகளில் பெரும்பாலானவை அவை. இலங்கையில் இருந்து ஒருவர் வாங்கினால் 35 வீதம்தான். இந்திய வாசகருக்கு 70 வீதம் வேண்டுமானால் 'கிண்டில் செலக்ட்' என்ற திட்டத்தில் சேரவேண்டும்.

நான் மேலே சொன்ன பெட்டி அதுதான். நூலை ஏற்றும்போது 'சேர்கிறீர்களா' என்று கேட்கும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் அமேசனைத் தவிர வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. அச்சு நூலுக்கு அந்தத் தடை இல்லை. மாதச் சந்தா கட்டி வாசிப்பவர்களுக்கு உங்கள் நூல் திறக்கும், அவர்கள் வாசித்த பக்கத்தை எண்ணிக் காசு தருவார்கள். 2015 ஜூலையிலிருந்து இந்தப் பக்கக் கணக்குத்தான். ஒரு பக்கத்துக்கு ஓர் அமெரிக்கச் சதத்தின் பாதிகூட வராது, இந்தியச் சந்தாதாரர் வாசித்தால் இன்னும் குறைவு. 90 நாள் முடிந்ததும், நீங்கள் போய் அடையாளத்தை எடுக்காவிட்டால் தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும்.

உங்கள் ஏழு கதைகள் இணைய இதழில் இருக்கின்றன. தொகுதியைச் செலக்டில் சேர்த்தால் அது விதிமீறல். அமேசனின் நிரல்கள் அப்படியானவற்றைத் தேடிப் பிடித்து எச்சரிக்கை அனுப்பும், மீறினால் கணக்குக்கே ஆபத்து. அந்த இதழிடம் ஏழு கதைகளையும் அழிக்கச் சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை. காசு கொடுக்க வழியில்லாத காலத்திலும் உங்கள் கதைகளுக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆகவே உங்களுக்கு என் பதில் தெளிவானது: இந்தத் தொகுதியைச் செலக்டில் சேர்க்காதீர்கள். இணையத்தில் எங்கும் வராத புதிய நாவலாக இருந்தால், தமிழ்நாட்டுச் சந்தா வாசகரைப் பிடிக்க ஒரு தவணை சேர்ந்து பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அங்கே கிண்டிலில் தமிழ் வாசிக்கும் கூட்டம் பெரிது. 2016 டிசம்பரில் தமிழ் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து அது வளர்ந்து வந்திருக்கிறது. உங்கள் கதைகளின் வடமராட்சிப் பேச்சு அவர்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். அதற்காக மொழியை மாற்றாதீர்கள். கடைசிப் பக்கத்தில் முப்பது சொல்லுக்குப் பொருள் கொடுத்தால் போதும்.

வரி விடயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் காசை விடுகிறார்கள். அமெரிக்காவில் விற்ற நூலுக்கான உங்கள் பங்கில் 30 வீதத்தை வரியாகப் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை உண்டு. அதன்படி எழுத்தாளரின் உரிமைப் பங்குக்கு 10 வீதம்தான். அந்தச் சலுகை கிடைக்க, கணக்குத் திறக்கும்போது கேட்கும் வரிப் படிவத்தில் இலங்கைவாசி என்று குறித்து, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தந்த உங்கள் வரி இலக்கத்தைக் கொடுக்கவேண்டும். இலக்கம் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். ஒரு மாத விற்பனைக் காசு அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளில் வரும். எந்த வழியில் உங்கள் வங்கிக்கு வரும் என்பதைக் கணக்குத் திறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காசோலை என்றால் 100 டொலர் சேரும்வரை அனுப்பமாட்டார்கள்.

இனி, என் கைவேலை சார்ந்த ஒன்று. உங்கள் கதைகள் எந்த எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கின்றன? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் தட்டியது என்றால் பாமினியாகத்தான் இருக்கும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்த பழைய எழுத்துரு. அது ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. அந்தக் கோப்பை அப்படியே ஏற்றினால், 'தமிழ்' என்ற சொல் வாசகரின் கைபேசியில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். சில வருடத்துக்கு முன் ஒரு கவிஞர் தன் நூலைத் தானே ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். கைபேசியை நீட்டி, 'தம்பி, என்ர கவிதை எங்க?' என்று கேட்டார். முகப்பு வடிவாக இருந்தது. உள்ளே 96 பக்கத்திலும் ஆங்கில எழுத்துக் குப்பை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அன்றிரவே இருந்து மாற்றிக் கொடுத்தேன்.

மாற்றுவதற்குச் செயலிகள் இருக்கின்றன, நிமிட வேலைதான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. தட்டச்சாளர் எங்கேயாவது கொம்புக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டிருந்தால், மாற்றிய பின் அந்தக் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து, ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகிவிடும். வரி முடிவில் வெட்டிய சொற்கள் நடுவில் கோடு போட்டபடி கிடக்கும். இருந்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கண்ணால் மெய்ப்புப் பார்க்கவேண்டும். நாற்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரை திருத்திய கண் உங்களுடையது. ஆனாலும் சொந்த எழுத்தில் சொந்தக் கண் பிழையைத் தாண்டிப் போகும், இன்னொருவரிடமும் கொடுங்கள். ஒரு நல்ல செய்தி, மின்னூலில் பிழை கண்டால் திருத்திய கோப்பைத் திரும்ப ஏற்றலாம். எங்கள் அச்சு நூல்களில் ஒட்டுகிற 'பிழை திருத்தம்' துண்டுக்கு அங்கே தேவையில்லை.

பதிப்பகம் என்ற ஒன்று நடுவில் இல்லாததால் செம்மையாக்கம், முகப்பு, விளம்பரம் எல்லாம் உங்கள் தலையில்தான். அமேசன் இவற்றில் ஒன்றையும் செய்துதராது. 1600க்கு 2560 பிக்சல் என்ற அளவில் முகப்புச் செய்யுங்கள். கைபேசியில் பெருவிரல் நகமளவில் தெரியும்போதும் தலைப்பு வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். தேடுசொல் போட ஏழு இடம் தருவார்கள். அவற்றில் சிலவற்றையாவது ஆங்கில எழுத்தில் போடுங்கள், புலம்பெயர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் தட்டித் தேடுவார்கள்.

மதிப்புரை எழுதச் சொல்லி மகனையும் மருமகளையும் கேட்காதீர்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரையை அமேசன் ஏற்பதில்லை, கண்டால் எடுத்துவிடும்.

விற்பனையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம், ரீச்சர். நான் ஏற்றிக்கொடுத்த நூல்களில் முதல் இரண்டு மாதம் உறவுக்காரரும் பழைய மாணவரும் வாங்குவார்கள். பிறகு பெரும்பாலானவற்றின் மாத விற்பனை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். தொடர்ந்து விற்றவை, எழுதியவர் தொடர்ந்து ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்த நூல்கள்தான். கிண்டில் கருவி தேவையில்லை, கைபேசியில் செயலி இருந்தால் வாசிக்கலாம் என்பதே உங்கள் வயதொத்த பலருக்குத் தெரியாது. பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில், எப்படி வாங்கி எப்படித் திறப்பது என்று மகனைக்கொண்டு இரண்டு நிமிட வீடியோ போட வையுங்கள். ஏழு தேடுசொல்லையும்விட அது கூடுதலாக வேலை செய்யும்.

ஒரு கடையை மட்டும் நம்பிப் படைப்பை விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன். 2009 ஜூலையில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நூல்களை, ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசன் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு நிறுவனரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பது தெரிந்துவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கட்டடத்தில் எரிந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது. ஒரு பிரதியை ஓரிடத்தில் வைப்பதன் விலை எங்களுக்குத் தெரியும். அதனால், விற்பனை ஓய்ந்ததும், ஒன்றிரண்டு வருடத்தில், தொகுதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து வைக்கிறார்கள், உங்கள் எழுத்துமூல அனுமதி போதும். செலக்டில் சேரவேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சேர்ந்திருக்கும் காலத்தில் இதைச் செய்ய முடியாது.

அச்சைக் கைவிடச் சொல்லவில்லை. அமேசன் தமிழில் மின்னூலைத்தான் ஏற்கிறது, அவர்களின் அச்சு நூல் சேவையில் தமிழ் இல்லை. பாடசாலை நூலகத்துக்கும் பரிசுப் போட்டிக்கும் விழாவுக்கும் தாள் நூல் வேண்டும். 300 வேண்டாம், 120 அடியுங்கள். ஒரு பிரதியின் விலை கூடும், ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒன்றும் போகாது. விழாவுக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலை எழுதிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்லுங்கள். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் அச்சுப் பதிப்புக்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் இலக்கம் எடுங்கள். மின்னூலுக்கு அது கட்டாயமில்லை, அமேசன் தன் இலக்கம் ஒன்றைத் தரும்.

அந்த 180 பிரதிகளில் ஐந்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை வடமராட்சியின் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த நாவலைத்தான் முதலில் மின்னூலாக ஏற்றவும் சொல்லுவேன். சொந்தச் செலவில் அடித்தது, உரிமை உங்களுடையது, இணையத்திலும் இல்லை. கணக்கு, வரிப் படிவம், வங்கி, எழுத்துரு மாற்றம் எல்லாவற்றையும் அதில் பழகிவிட்டால் சிறுகதைத் தொகுதி வரும்போது கை நடுங்காது. இந்தக் கிழமையே அந்தப் பழைய அச்சகத்துக்குப் போய், நாவலின் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். பதினைந்து வருடமாகிவிட்டது, கணினி மாறியிருக்கும். இருந்தால் எந்த வடிவமானாலும் அப்படியே ஒரு பென்டிரைவில் வாங்கி வாருங்கள், பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தாலும் திறந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஒரு பிரதியை என்னிடம் அனுப்புங்கள். திரும்பத் தட்ட எத்தனை நாள் ஆகும் என்று பார்த்துச் சொல்கிறேன்.